முத்துக்கொடி என்று யாரும் இல்லை

எமன் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பது நடுக்கோம்பைக்காரர்களின் கட்சி. ஓலையில் பேர் எழுதி வைத்திருப்பானாம். வாசலில் வந்து நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கேட்பானாம். ஆள் இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போவான். அப்படி ஒரு பேரே இந்த வீட்டில் இல்லை என்றால்? தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான், தாலுகா கச்சேரிச் சேவகன் மாதிரி. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மூன்று பிள்ளைகளை வரிசையாக அம்மைக்கு வாரிக்கொடுத்த ஒருத்தி முன்னால் போய் நின்று சிரித்துப் பார்க்கட்டும், தெரியும் சேதி.

பிச்சையம்மாளின் தாய் அப்படி வாரிக்கொடுத்தவள். நாலாவதாக இவள் பிறந்தபோது, பதினாறாம் நாள், ஆசை ஆசையாக முத்துக்கொடி என்று காதில் ஓதிப் பேர் வைத்தாள். மறுநாளே பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கோடாங்கி வந்து உடுக்கை அடித்துக் குறி பார்த்தான். முத்து என்று பேர் வைத்து ஆத்தாளைக் கூப்பிட்டுவிட்டாயே, பேரைப் புதைத்துவிடு என்றான். தாய் அந்த நிமிஷமே பிள்ளையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு முறம் தவிடு கொடுத்து, முந்தானை ஏந்தி, பிச்சையாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பிச்சையம்மாள். பிள்ளையும் பிழைத்துவிட்டது. பிழைத்த பிறகு கோடாங்கியை யார் குறை சொல்வது?

விவரம் தெரிந்த வயதில் தாய் அவளிடம் இதைச் சொன்னாள். தலையில் கை வைத்துச் சத்தியமும் வாங்கினாள். "இந்தப் பேரை ஒரு குஞ்சு குளுவான்கிட்டக்கூடச் சொல்லிராத. காத்துல போயி அவன் காதுல விழுந்துரும்."

பத்து வயதுப் பெண்ணிடம் ஒன்றைச் சொல்லாதே என்றால் அது வயிற்றுக்குள் எத்தனை நாள் தங்கும்? பிச்சையம்மாள் ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். அவள் அன்னக்கொடி. மூன்றாம் வகுப்புவரை இரண்டு பேரும் ஒரே மணலில் எழுதிப் படித்தவர்கள். "நீ மட்டுமில்லடி, நானும் கொடிதான்" என்று சொல்லி, மணலில் முத்துக்கொடி என்று எழுதிக் காட்டினாள் பிச்சை. அன்னக்கொடி வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, யாரும் வருவதற்குள் தன் உள்ளங்கையாலேயே அதை அழித்தாள். அதன் பிறகு இருபது வருஷம் அந்தப் பேரை அவள் ஒரு தடவைகூட வாயால் சொல்லவில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நீங்கள் அவளைத் திட்டும்போது ஞாபகம் இருக்கட்டும்.

இருவரும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே ஊரில். நடுக்கோம்பையில் பிச்சையம்மாளின் புருஷன் வேலப்பன் வீட்டுக்கு மேல்வரிசையில் அன்னக்கொடியின் புருஷன் திருமலைச்சாமி வீடு. பூண்டு நடுவதும் களை எடுப்பதும் தாளைப் பின்னி அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிடுவதும் எல்லாம் சேர்ந்தே. ஒருத்தி இருமினால் மற்றவள் கஷாயம் வைப்பாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அன்னக்கொடிக்கு முதல் இரண்டும் பெண். மூன்றாவது பிரசவத்தில் பிள்ளை குறுக்கே விழுந்துவிட்டது. திருமலைச்சாமி பூண்டு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தான். அவளை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கூடப் போனவர்கள் அவள் தாயும் பிச்சையம்மாளும். பெண் பிள்ளைதான் பிறந்தது, தாயும் சேயும் தப்பியது பெரிய காரியம். இன்னொன்று தரித்தால் இவள் பிழைக்க மாட்டாள் என்றார் டாக்டரம்மா. அன்னக்கொடியே தலையாட்டினாள். தாய்க்காரி கைநாட்டு வைத்தாள். ஆபரேஷன் செய்து, இனிப் பிள்ளை உண்டாகாதபடி கட்டிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியபோது, வயிற்றில் கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்தார்கள். "பிச்சை, இது ஒன்னோட இருக்கட்டும்டி. அவுகளுக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்" என்றாள் அன்னக்கொடி. பிச்சையம்மாள் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அப்புறம் நாலு வருஷம். ஆண் வாரிசு வேண்டும் என்று திருமலைச்சாமியும் அவன் ஆத்தாளும் அன்னக்கொடியைப் படுத்தாத பாடில்லை. வெள்ளி தோறும் பட்டினி. தரையில் சோற்றைக் கொட்டி மண் சோறு சாப்பிட வைத்தார்கள். பழனிக்கு வெறுங்காலோடு மலையிறங்கி நடக்க வைத்தார்கள். கோடாங்கி வேப்பங்குழையால் அடித்து அவள் முதுகில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. உள்ளதைச் சொன்னால் வாழ்வு போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். அவள் சொல்லவில்லை. காய்ந்த பூண்டுத்தாள் மாதிரி ஆகிப்போனாள்.

ஓடைத் துறையில் ஒருநாள் அந்தக் கிழவி, மருமகளைப் பதினோரு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் சாமிக்கு முன்னால் கிடத்தப்போவதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிச்சையம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் பொங்கிவிட்டாள்.

"அவளைக் கொன்னே போட்டாலும் இனி உண்டாகாது, தெரியுமா? கோடைக்கானல்ல கட்டிப்போட்டு நாலு வருசம் ஆச்சு. விடுங்க அவளை!"

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெட்டது வேறொருத்தி. துறையில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். பிச்சையம்மாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அந்தச் சத்தமின்மையில்தான் உறைத்தது. அள்ளிக்கொள்ள முடியுமா? இரக்கப்பட்டுத்தான் சொன்னாள், சத்தியமாக இரக்கப்பட்டுத்தான். அதனால் ஆகிற கேடு குறைந்துவிடுமா என்ன?

நாற்பது நாள் முடியுமுன் திருமலைச்சாமி மன்னவனூரிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். அன்னக்கொடியும் அவள் மூன்று பெண்களும் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூண்டுக் கொட்டகைக்குப் போனார்கள். "மலட்டு மாட்டுக்குத் தொழுவம் போதும்" என்று அவன் ஊர் கேட்கச் சொன்னான். மூன்று பெற்றவளைப் பார்த்து!

பிச்சையம்மாள் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அன்னக்கொடி அழவில்லை, ஏசவில்லை, காலை உதறிக்கொள்ளக்கூட இல்லை.

"என் பூட்டுக்குச் சாவி ஒன்கிட்ட இருந்துச்சு, தொறந்து விட்டுட்ட. ஒன் பூட்டுக்குச் சாவி என்கிட்ட இருக்குடி. நெனப்பு இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். குனிந்து பூண்டுத்தாளைப் பின்னத் தொடங்கினாள்.

அப்போது பிச்சையம்மாளுக்கு அஞ்சு மாசம். இதற்கு முன்னால் ஒன்று வயிற்றிலேயே கலைந்தது. இன்னொன்று ஒன்பது நாள் இருந்து கண்ணை மூடியது. இது நிற்க வேண்டுமே என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

ஐப்பசி மாதம், தொடர்ந்து மழை. ஒருநாள் காலையில் வெள்ளனே வாசல் தெளிக்க வந்தவள் கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. வெளிச்சுவரில், கரிக்கட்டையால், முழ நீளத்துக்கு எழுதியிருந்தது: முத்துக்கொடி. 'த்'துக்கு மேலே புள்ளியை வட்டமாகப் போடும் அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து மணலில் எழுதிய கைதானே.

வேலப்பன் சத்தம் கேட்டு வெளியே வந்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். "முத்...துக்...கொடி. யாருடி இது? எந்தப் பயலுக்கு எந்தப் புள்ள மேல கிறுக்கோ, நம்ம செவரா கெடச்சுச்சு?" என்று சிரித்துவிட்டு மட்டக்குதிரைக்குப் புல் போடப் போனான். பிச்சையம்மாள் சாணியைக் கரைத்துச் சுவர் முழுவதும் மெழுகினாள். புருஷன் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிவிட்டானே. எத்தனை தூரம் கேட்டிருக்கும்?

அதோடு முடியவில்லை. களையெடுக்கும் காலம் வந்தது. மேல்மலையில் மத்தியானமே மேகம் இறங்கிவிடும், பக்கத்துப் பாத்தியில் இருப்பவள் முகம் தெரியாது. பிச்சையம்மாள் குத்தவைத்துக் களைகொத்திக்கொண்டிருப்பாள். அந்த வெள்ளைக்குள்ளிருந்து மெதுவாக, கொஞ்சுகிற மாதிரி வரும்.

"முத்துக்கொடீ..."

தூங்குகிற பிள்ளையைத் தாய் எழுப்புகிற மாதிரி ஒரு குரல். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொள்வாள், எங்கே தன்னை அறியாமல் ஏன் என்று கேட்டுவிடுவோமோ என்று. ஏன் என்று கேட்டால் முடிந்தது கதை, ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குரல் சில நாள் மேற்கே இருந்து வரும், சில நாள் முதுகுக்குப் பின்னால். மேகம் விலகினால் யாரும் இருக்க மாட்டார்கள். மேல்வரிசைக் கொட்டகையில் அன்னக்கொடி பாட்டுக்கு உட்கார்ந்து விதைப்பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். கூப்பிடுவது அவள்தானா, இல்லை அவள் எழுதிவைத்ததைப் படித்துவிட்டு வேறு யாரோ வந்து கூப்பிடுகிறார்களா என்று பிச்சையம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடம் சொல்வாள்? என்னை மிரட்டுகிறாள் என்று சொன்னால், என்ன சொல்லி மிரட்டுகிறாள் என்று கேட்பார்கள். கத்தியைக் காட்டி மிரட்டினால் கூச்சல் போடலாம். ஒரு பேரைச் சொல்லி மிரட்டுகிறவளை எந்தப் பஞ்சாயத்தில் நிறுத்துவது? அன்னக்கொடி கெட்டிக்காரி. ஊர் நடுவில் வைத்து அடித்தாள், ஊருக்கே தெரியாமல் அடித்தாள்.

மருமகள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்த மாமியார் சோலையம்மாள் சும்மா இருப்பாளா? காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று தீர்மானித்தாள். கோடாங்கியை அழைத்துத் தாயத்து எழுதி வாங்கினாள். செப்புத் தகட்டில் 'பிச்சையம்மாளைக் காத்தருள்' என்று எழுதிச் சுருட்டி இடுப்பில் கட்டியபோது, பிச்சையம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எமன் தேடிக்கொண்டு வருவது பிச்சையம்மாளை இல்லையே. வேறொருத்திக்குக் கட்ட வேண்டிய தாயத்தைத் தன் இடுப்பில் சுமக்கிறோம் என்று இருந்தது அவளுக்கு.

கார்த்திகையில் கடுதாசி வந்தது. வியாழக்கிழமை தோறும் கோடைக்கானலிலிருந்து தபால்காரர் நடந்து வருவார். அன்று வேலப்பன் வீட்டு வாசலில் நின்று, கார்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இங்க முத்துக்கொடி யாருங்க? வேலப்பன் வீடுன்னுதான் போட்டிருக்கு."

வாசலில் சோலையம்மாளும் இரண்டு பெண்களும் விதைப்பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கார்டின் நாலு மூலையிலும் கரி தடவியிருந்தது. நல்ல காரியத்துக்கு மஞ்சள் தடவுவார்கள், கரி என்றால் சாவு. "முத்துக்கொடிக்கு நாள் குறித்தாயிற்று. தயாராக இருக்கவும்" என்று தபால்காரர் பாட்டுக்குப் படித்துவிட்டார்.

சோலையம்மாள் எழுந்து கத்தினாள். "கரி தடவுன கடுதாசிய மாசமா இருக்கிறவ வாசல்ல நின்னா படிப்பீரு? தூக்கிட்டுப் போமய்யா! அப்படி யாரும் இங்க இல்ல!"

"கோவிச்சுக்காதீக ஆத்தா, என் சோலி அது. ஏத்தா, ஒனக்காவது தெரியுமா?" என்று அவர் பிச்சையம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"முத்துக்கொடின்னு யாரும் இல்லைங்க" என்றாள் அவள்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அப்படியே கார்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். பிச்சையம்மாள் உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். வாசலில் வந்து பேர் கேட்டவனுக்கு, தாய் சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் சொன்னாள். ஆனாலும் தன்னைத் தானே எரித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. வயிற்றில் பிள்ளை புரண்டது. நான் இல்லை என்றால் நீ யாருடைய பிள்ளை என்று அதனிடம் கேட்டாள்.

தை பிறந்தது. ஒன்பதாம் மாசம். இனித் தாங்காது என்று ஒருநாள் மூச்சு வாங்க மேல்வரிசைக்கு ஏறிப்போனாள். கொட்டகைக்குள் புகையும் பூண்டு நெடியுமாக இருந்தது. மூன்று பெண்களும் ஒரே கம்பளிக்குள் முடங்கி உட்கார்ந்திருந்தார்கள். அன்னக்கொடியின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"என்னை என்ன வேணாலும் செய்யி, அன்னம். விளக்குமாத்தால அடி. வயித்துல கெடக்கிறது என்னடி பாவம் செஞ்சுச்சு?"

"என் வயித்தப் பத்தி ஓடைத் துறையில பேசுனியே, அன்னிக்கு இதை யோசிச்சியா?"

"ஒன்னைக் காப்பாத்தணும்னுதான்..."

"நான் கேட்டேனா?" அன்னக்கொடி எழுந்து நின்றாள். "நாலு வருசம் அடி வாங்குனேன். பட்டினி கெடந்தேன். அதை நான் தாங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்? பெரிய வீட்டு மூத்த மருமகன்னு ஒரு பேரு இருந்துச்சுல்ல? என் பேரை நீ எடுத்துட்ட. கேட்டுக்க. வர்ற வெள்ளிக்கிழமை வேலப்பர் கோயில் தேரு. சன்னதியில தட்டு வச்சு ஒன் பேருக்கு அர்ச்சனை செய்யப் போறேன். முத்துக்கொடின்னு மூணு தடவை, மணியடிச்சு, பூசாரி வாயால. அம்புட்டுச் சனமும் கேக்கும். யார் யார் கேக்கணுமோ அவுகளும் கேப்பாக."

கடைசிப் பெண் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. பிச்சையம்மாளை அது அத்தை அத்தை என்று சுற்றி வந்த காலம் ஒன்று உண்டு. இப்போது தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

தேருக்கு ஆறு நாள். அந்த ஆறு நாளும் பிச்சையம்மாள் எப்படி இருந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீர் மொண்டால் குடத்துக்குள் பேர் கேட்டது. அம்மியில் அரைத்தால் அம்மி அந்தப் பேரைச் சொன்னது. வேலப்பன் தோளில் கை வைத்தால்கூடத் துள்ளி விழுந்தாள். கோயிலுக்கு வர வேண்டாம் என்று மாமியார் தடுத்தாள். பிச்சையம்மாள் கேட்கவில்லை. வீட்டில் இருந்தால் மட்டும் தப்பிவிடுவாளா? விழப்போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

அன்று வேலப்பர் கோயிலில் சுற்றுப்பட்டு ஊர் எல்லாம் கூடியிருந்தது. கொட்டு முழங்கியது. சன்னதியில் பெண்கள் தேங்காய் பழத் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பூசாரி ஒவ்வொரு தட்டையும் வாங்கி, யார் பேருக்கு என்று கேட்டு, அந்தப் பேரை மந்திரத்தோடு சேர்த்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிச்சையம்மாளுக்கு நாலு ஆளுக்கு முன்னால் அன்னக்கொடி. கிழிந்த சேலையைத் துவைத்துக் கட்டியிருந்தாள். தட்டில் ஒரு தேங்காய், இரண்டு பழம். திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு தட்டு போயிற்று. இன்னொரு தட்டு போயிற்று. கந்தம்மாள் பேருக்கு நல்ல புருஷன் கிடைக்க, குழந்தைவேல் பேருக்குக் கால் வீக்கம் வடிய. பூசாரி சொல்லிக்கொண்டே போனார். கேட்கக் கேட்கப் பிச்சையம்மாளுக்கு ஒன்று பட்டது. இத்தனை பேரும் பேரைச் சொல்வது சாமி காதில் விழட்டும் என்றுதானே? எமன் காதில் விழும் என்று இவர்களில் ஒருத்திக்காவது பயம் இருக்கிறதா? முப்பது வருஷமாகத் தன் பேர் எமனுக்குத் தெரியாமல் இருந்தது சரி. சாமிக்கும் அல்லவா தெரியாமல் போய்விட்டது? இத்தனை நாள் வேண்டியதெல்லாம் யார் கணக்கில் போய்ச் சேர்ந்தது? இரண்டு பிள்ளைகளுக்காக வேண்டியது?

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பயந்து பயந்து செத்தது போதும் என்று ஒரு கோபம் அடிவயிற்றிலிருந்து வந்தது. வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரிசையை விலக்கினாள். பிள்ளைத்தாய்ச்சி என்று எல்லாரும் வழிவிட்டார்கள். அன்னக்கொடி தட்டை நீட்டிய கைக்குக் குறுக்கே தன் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்குத்தா?" என்றார் பூசாரி.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சோலையம்மாள் எட்டிக் குரல் கொடுத்தாள். "பிச்சையம்மா சாமி, நம்ம மருமக. நெறமாசம்."

"இல்ல" என்றாள் பிச்சையம்மாள். "முத்துக்கொடி."

"அது யாருத்தா?"

"நாந்தாங்க." ஒரு தடவை சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. "எங்காத்தா வச்ச பேரு. செத்துருவேன்னு மறைச்சு வச்சிருந்தா. அன்னக்கொடிகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அவ இருபது வருசம் காப்பாத்துனா. அவ சொன்னதை நான் காப்பாத்தல, ஓடைத் துறையில ஊருக்கு முன்னால கொட்டிட்டேன். தப்பு என்னுது. நல்லா சத்தமாச் சொல்லுங்க சாமி, முத்துக்கொடின்னு."

"அடிப் பாவி, பேரைச் சொல்லிட்டியேடி!" என்று சோலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சுவரும் கடுதாசியும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பூசாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு மணியை அடித்துக்கொண்டு, முத்துக்கொடி நாமதேயஸ்ய என்று மூன்று தடவை உரக்கச் சொன்னார். கொட்டுச் சத்தத்தையும் மீறி எல்லார் காதிலும் விழுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. கூரை இடியவில்லை. பிச்சையம்மாள் கண்ணைத் திறந்தபோது எதிரே அன்னக்கொடி நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு சாய்ந்து பழம் உருண்டுவிட்டிருந்தது. ஜெயித்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது, தோற்றவளைப் பார்க்கிற பார்வையும் இல்லை.

"அது ஒண்ணுதாண்டி எங்கிட்ட மிச்சம் இருந்துச்சு" என்றாள். "அதையும் ஊருக்குக் குடுத்துட்டியா?"

கூட்டத்தில் தேர்வடம் பிடிக்கக் கூப்பிட்டார்கள். அவள் அதற்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனாள்.

அதன் பிறகு பத்து நாள் பிச்சையம்மாள் காத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சையும் எண்ணுகிற காத்திருப்பு. சோலையம்மாள் வாசற்படியில் வேப்பிலையும் இரும்பும் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாசி மூன்றாம் தேதி, விடிந்து ஒரு நாழிகைக்கெல்லாம், பெண் பிறந்தது. மூக்கும் முழியுமாக, வீடு அதிர அழுதது. பதினாறாம் நாள் குப்பைமேட்டில் போட்டு எடுக்கலாம் என்று சோலையம்மாள் முறமும் தவிடுமாக வந்து நின்றாள். "வேணாம் அத்தை" என்று பிச்சையம்மாள் சொல்லிவிட்டாள். சண்முகவள்ளி என்று எல்லார் காதிலும் விழும்படி பேர் வைத்தார்கள். ஊரில் பாதிப் பேர் தாயையும் முத்துக்கொடி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடியது.

முப்பது நாள் கழிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்வரிசைக்கு ஏறினாள். கொட்டகை வாசலில் பொதிக்குதிரை நின்றது. அன்னக்கொடி இரண்டு சட்டியையும் ஒரு துணி மூட்டையையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பாச்சலூரில் தாய்மாமன் தோட்டத்தில் வேலை இருக்கிறதாம், குடிசையும் தருகிறார்களாம். மூன்று பெண்களும் புறப்பட்டு நின்றார்கள்.

"போகாத அன்னம்" என்றாள் பிச்சையம்மாள்.

அன்னக்கொடி முடிச்சை இறுக்கிவிட்டுக் கிட்டே வந்தாள். பிள்ளையைத் தொடவில்லை, குனிந்து முகத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

"பேரு என்ன வச்சிருக்கீக?"

"சண்முகவள்ளி."

"மறைச்சு வச்ச பேரு?"

"அப்படி எதுவும் இல்லடி. ஒரே பேருதான். எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு."

அன்னக்கொடி நிமிர்ந்தாள். இத்தனை மாசத்தில் முதல் தடவையாக அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏண்டி அப்படிச் செஞ்சே?" என்றாள். "நாளைக்கு இவளுக்கும் ஒருத்தி கெடைப்பாள்ல. அவகிட்ட மட்டும் சொல்ல இவளுக்கு என்ன இருக்கு?"

வெரசா வந்தால்தான் பொழுதோடு இறங்கலாம் என்று குதிரைக்காரன் சத்தம் போட்டான். அன்னக்கொடி கடைசிப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் முன்னால் நடக்க விட்டு இறங்கிப்போனாள்.